டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைப் போடுவது?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மாம்பழப் பருவமும் தொடங்கிவிட்டால், கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஓசூர், பெங்களூரு, தருமபுரி என்று நாலா பக்கத்திலிருந்தும் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள். மே மாத வெயிலில் அவர்களைப் பகலில் வெளியே அனுப்ப முடியாது என்பதால், அனைவரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒரு படம் போடுவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அப்படிக் கூடும் பிள்ளைகளில் ஒருவராவது, நின்றிருந்த லாரி எழுந்து ஆளாக நடக்கும் படம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். எனவே கேள்வியை நேராகவே வைக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் கடைசியாகத் திரையரங்குக்கு வந்தவை ‘பம்பிள்பீ’ (2018), ‘ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ்’ (2023), ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ (2024) ஆகிய மூன்று படங்கள். இவற்றில் ஒன்றை மட்டும்தான் போட முடியும் என்றால், எதைப் போடுவது?

ரசிகர்களைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 2024ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களில் கணிசமானோர், இந்த வரிசையிலேயே சிறந்த படம் இதுதான் என்று சொன்னார்கள்; ஆனால் உலகம் முழுவதும் சேர்த்து அதன் வசூல் 13 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்த 2011, 2014ஆம் ஆண்டுப் படங்களோ, தலா 100 கோடி டாலருக்கு மேல் வாரிக் குவித்தன. ஆகவே வசூலை வைத்தும் முடிவெடுக்க முடியாது, பாராட்டை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. யார் எந்தக் குறையைச் சொல்கிறார், அந்தக் குறை நம் வீட்டுக் கூடத்தில் உட்காரப்போகிறவர்களுக்கும் குறையாகப் படுமா என்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது.

ரசிகர்களின் இந்தச் சண்டை புதிதுமன்று. ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுவந்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வாங்கி, புதிய பெயரும் கதையும் சூட்டி 1984இல் கடைக்குக் கொண்டுவந்தது. 1986இல் வந்த கார்ட்டூன் திரைப்படத்தில், கடையில் புதுப் பொம்மைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, லாரியாக உருமாறும் நாயகன் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றுவிட்டார்கள். அரங்கில் குழந்தைகள் அழுதார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 1987இல் தொலைக்காட்சித் தொடரில் ஆப்டிமஸை உயிர்ப்பித்தே ஆக வேண்டியிருந்தது. நாயகன் சாகும் படத்தை எம்.ஜி.ஆர். ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

2007 முதல் 2017 வரை மைக்கேல் பே இயக்கிய ஐந்து படங்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. எங்கள் மாமா ஒருவர், ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், அந்த ஐந்தில் முதல் படத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்று இன்றும் வாதிடுகிறார். 2007ஆம் ஆண்டுப் படத்தின் ஆப்டிமஸைக் கணினியில் உருவாக்கியபோது அதற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் வைத்தார்கள். கதவு எங்கே மடிகிறது, சக்கரம் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பது, நாள் முழுவதும் பாகங்களோடு பழகும் மனிதருக்குத் தனி இன்பம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து படங்களில் எதுவுமே இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறைவில்லை. 2014ஆம் ஆண்டுப் படம் 165 நிமிடம். சண்டை சூடு பிடித்தபின் சாம்பல் நிற உலோகம் சாம்பல் நிற உலோகத்தை அடிக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் புலப்படுவதில்லை. இடையிடையே வரும் நகைச்சுவையில் சிலவற்றைப் பிள்ளைகளும் பாட்டியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஓட விடவும் முடியாது. மாமாவுக்கு அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கும் உரிமை என்றும் உண்டு.

லாரியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1984ஆம் ஆண்டுப் பொம்மையில் ஆப்டிமஸ் பிரைம் மூக்கில்லாத, முகம் தட்டையான லாரி. 2007இல் அவரை நீள மூக்கு வைத்த அமெரிக்க லாரியாக மாற்றி, உடம்பெல்லாம் தீச்சுவாலை வரைந்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். பம்பிள்பீ என்னும் எந்திரத்தை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரிலிருந்து செவ்ரோலே கமேரோவாக மாற்றியதும் அதே அளவு கோபத்தைக் கிளப்பியது. 2018, 2023ஆம் ஆண்டுப் படங்கள் அந்தத் தட்டை முகத்தைத் திருப்பிக் கொடுத்தன. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, லாரி என்றாலே தட்டை முகம்தான் நினைவுக்கு வரும். மூக்கு நீண்ட வண்டி அவனுக்குப் படத்தில் மட்டும் காணும் பொருள். பழைய ரசிகர்களின் இந்த ஒரு பிடிவாதம், அவர்கள் அறியாமலே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சாதகமாகிவிட்டது.

இனி மூன்று படங்களுக்கு வருவோம். ‘ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ்’ படத்தை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர் இயக்கிய இந்தப் படம் 1994ஆம் ஆண்டில், நியூயார்க்கின் புரூக்ளினிலும் பெரு நாட்டிலும் நடக்கிறது. 1996இல் தொடங்கிய ‘பீஸ்ட் வார்ஸ்’ என்னும் கணினிக் கார்ட்டூன் தொடரில் விலங்குகளாக உருமாறிய மாக்சிமல்களை முதன்முறையாகப் பெரிய திரைக்குக் கொண்டுவருகிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். கொரில்லா, சிவிங்கிப்புலி, காண்டாமிருகம், வல்லூறு என்று கூட்டமே வருகிறது. ஆனால் அவை விலங்கு வடிவிலேயே பெரும்பாலான நேரத்தைக் கழித்துவிட்டு, கடைசிச் சண்டையில்தான் உருமாறுகின்றன என்பதும், அவற்றுள் இரண்டு மூன்றைத் தவிர மற்றவற்றுக்குப் பேசவே வாய்ப்பில்லை என்பதும் அந்தத் தொடரின் ரசிகர்கள் வைத்த குறை. முற்றிலும் நியாயமான குறை. போர்ஷே காராக வரும் மிராஜ் என்னும் வாயாடி எந்திரத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நோயாளித் தம்பிக்காக வேலை தேடி அலையும் நோவாவின் கதை முதல் அரை மணி நேரம் நன்றாகவே போகிறது. அதற்குப் பிறகு ஒரு சாவியைத் தேடி எல்லோரும் ஓடுகிறார்கள். கடைசிச் சண்டை நடக்கும் வறண்ட வெளி, வீட்டுத் தொலைக்காட்சியில் மங்கிய பழுப்பாகத் தெரிகிறது. 127 நிமிடப் படம். எட்டு வயதுப் பிள்ளை முக்கால்வாசியில் எழுந்து போய்விடும். இதை மூன்றாவதாக வைக்கிறேன்.

‘பம்பிள்பீ’ வேறு வகை. பொம்மைகளை ஒவ்வோர் அசைவாக நகர்த்திப் படமெடுக்கும் லைக்கா ஸ்டுடியோவிலிருந்து வந்த டிராவிஸ் நைட் இதை இயக்கினார். 1987, கலிஃபோர்னியா. தந்தையை இழந்த, தாயின் மறுமணத்தை மனத்தால் ஏற்க முடியாத 18 வயதுப் பெண் சார்லி, பழைய இரும்புக் கடையிலிருந்து மஞ்சள் பீட்டில் கார் ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வருகிறாள். வண்டியின் அடியில் படுத்து விளக்கைக் காட்டும்போது அங்கே ஒரு முகம் தெரிகிறது. அடுத்து நடப்பதுதான் இந்தப் படத்தைத் தாங்கி நிற்கும் காட்சி: மனிதனைவிட மிக உயரமான எந்திரம், கார் நிறுத்தும் சிறு கொட்டகையின் மூலையில் ஒடுங்கி, இந்தப் பெண்ணைக் கண்டு அஞ்சி, கண்களை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய சண்டையில் குரலைப் பிடுங்கிவிட்டதால் அதற்குப் பேச்சு வராது. வானொலியில் வரும் பாட்டு வரிகளைக் கோத்துத்தான் பேசும். படம் 114 நிமிடம். எதிரிகள் முக்கியமாக இருவர்தான், ஆகவே யார் யாரை அடிக்கிறார் என்று பாட்டிக்கும் தெரியும்.

இதன் மேல் ரசிகர்களின் மனத்தாங்கல் வேடிக்கையானது. படத்தின் தொடக்கத்தில் எந்திரங்களின் தாயகமான சைபர்ட்ரான் கிரகத்தில் நடக்கும் போர் சில நிமிடங்களே வருகிறது. அதில் எல்லா எந்திரங்களும் 1984ஆம் ஆண்டின் பழைய வடிவத்திலேயே வருகின்றன. அந்தச் சில நிமிடங்களைக் கொண்டாடியவர்களே, மீதிப் படம் ஏன் இப்படி இல்லை என்று சலித்துக்கொண்டார்கள். மைக்கேல் பே ரசிகர்களுக்கோ, ஒரு வீடு, ஒரு பெண், ஒரு கார் என்று கதை சுருங்கிவிட்டதில் ஏமாற்றம். முன்பு வந்த படங்களின் வரலாற்றோடு இது பொருந்துகிறதா என்ற விவாதமும் நெடுநாள் ஓடியது. முந்தைய படம் எதையும் பார்த்திராதவருக்கு அந்த விவாதத்தால் ஒரு பாதகமும் இல்லை. எனக்குப் படும் உண்மையான குறை வேறு. தனிமையில் வாடும் இளவயதினர் வேற்றுலக உயிரை வீட்டில் ஒளித்துவைக்கும் கதையை அமெரிக்கச் சினிமா பலமுறை சொல்லிவிட்டது; நடுப்பகுதியில் அடுத்து என்ன வரும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ பற்றித்தான் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சண்டை அதன் மேல்தான். ஜோஷ் கூலி இயக்கிய இந்தப் படம் முழுக்க முழுக்க கணினி அசைவூட்டம். மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் ஆகப்போகிற ஓரியன் பாக்ஸும், அவனுடைய பரம எதிரி மெகாட்ரான் ஆகப்போகிற டி-16ம் சைபர்ட்ரானின் ஐயகான் நகரத்தின் அடியில் எனர்ஜான் என்னும் எரிபொருளை வெட்டியெடுக்கும் சுரங்கத் தொழிலாளர்கள், உயிர் நண்பர்கள். உருமாறுவதற்கு வேண்டிய உறுப்பு அவர்களுக்கு இல்லை. அதனால் அவர்கள் கீழ்ச்சாதி. அது பிறவியிலேயே இல்லை என்று நம்ப வைத்து, அவர்கள் உழைப்பை யார் தின்கிறார் என்பது கதை போகப் போகத் தெரிகிறது.

ரசிகர்கள் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றின் பெரும்பகுதி நம் கூடத்துக்குப் பொருந்தாமல் உதிர்ந்துவிடுகிறது. முன்னோட்டக் காட்சிகளை வெறும் கேலிக்கூத்தாகத் தொகுத்ததால் இது சின்னப் பிள்ளைகளுக்கான படம் என்று நினைத்துப் பலர் அரங்குப் பக்கமே போகவில்லை. படம் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்கிறது, அதன்பின் முகம் இறுகிவிடுகிறது. 1984 முதல் ஆப்டிமஸுக்குக் குரல் கொடுத்துவரும் பீட்டர் கல்லன் இருக்கும்போது கிரிஸ் ஹெம்ஸ்வொர்த்தைப் பேச வைத்தது துரோகம் என்று இன்னொரு சாரார் கொதித்தார்கள். தமிழ் டப்பிங்கில் பார்க்கப் போகிறவருக்கு இருவர் குரலுமே கேட்காது. ஆப்டிமஸும் மெகாட்ரானும் பகைவராவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்பது மூன்றாவது குறை. நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருபவருக்கு அது தெரியும். அக்கா மகளுக்குத் தெரியாது. அவள் இந்த இருவரையும் நண்பர்களாகவே முதலில் சந்திக்கப்போகிறாள்.

மனிதர்களே இல்லாதது பற்றி மட்டும் நானும் சற்று யோசித்தேன். அக்கா மகன், பத்து வயதுக்காரன், கேட்டான்: “மாமா, மனுஷங்களே இல்லேன்னா இவங்க யாருக்காகச் சண்டை போடுறாங்க?” இதுவரை வந்த படங்கள் அவனை அப்படிப் பழக்கியிருக்கின்றன, எந்திரங்கள் பூமியைக் காப்பாற்ற வருகின்றன, மனிதர் நன்றி சொல்கிறார். இந்தப் படத்தில் அவர்கள் தங்களுக்காகவே சண்டை போடுகிறார்கள். கிரானைட் குவாரிகளில் வேலை செய்தவர்களும், ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் பார்ப்பவர்களும் இல்லாத தெருவே குறைவு என்னும் இந்த மாவட்டத்தில், அந்தக் கதை புரிவதற்கு நியூயார்க்கையோ கலிஃபோர்னியாவையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனிதர் இல்லாதது பலவீனம் என்று சொன்ன ரசிகர்களோடு இந்த ஒரு புள்ளியில் நான் முழுமையாக முரண்படுகிறேன்.

படத்தில் ஒரு ஸ்டிக்கர் வருகிறது. பழங்கால வீரன் மெகாட்ரானஸ் மீது டி-16க்கு அப்படியொரு பக்தி. ஓரியன் எங்கிருந்தோ அவன் முகம் பொறித்த ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து நண்பனுக்குக் கொடுக்கிறான். வண்டியின் கண்ணாடியில் தலைவர் படமும் நடிகர் படமும் ஒட்டாமல் ஆட்டோ ஓடாத ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. அந்த ஸ்டிக்கரில் இருந்த முகமே பின்னர் மெகாட்ரானின் படையான டிசெப்டிகான்களின் சின்னமாகிறது. நண்பன் அன்பாகக் கொடுத்த பொருள் பகைவனின் கொடியாக மாறுவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கவனித்துப் பார்க்கும் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இந்த வரிசையின் மற்றப் படங்களில் இத்தகைய இடம் எனக்கு அகப்படவில்லை.

தள்ள முடியாத குறை ஒன்று இருக்கிறது. படம் 104 நிமிடம்தான். ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்த நொடியிலிருந்து டி-16 கொலைவெறி கொள்ளும் வரை உள்ள தூரத்தை மிக விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் நண்பன் மேலேயே அவன் கை ஓங்குவதை நம்புவது எளிதாக இருந்திருக்கும். கழிவுக் கிடங்கில் தனியாகக் கிடந்து பேச ஆளில்லாமல் வாய் ஓயாத பி-127, அதாவது பிற்காலப் பம்பிள்பீ, சில இடங்களில் சோர்வைத் தருகிறான். ஹாலிவுட் படங்களைத் தமிழாக்கும்போது இத்தகைய பாத்திரங்களுக்குச் சென்னைப் பேச்சைப் பூசிவிடும் பழக்கமும் இருப்பதால், அது கிருஷ்ணகிரிக் காதுக்கு இனிக்குமா கடுக்குமா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

மொழியைப் பற்றிய நடைமுறை விஷயம் ஒன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூர்ப் பக்கத்து உறவினர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழுக்குச் சமமாகப் புழங்கும். பெங்களூருவில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பார்க்க வேண்டும் என்பார்கள். இணையத் தளத்தில் படத்தை வாடகைக்கு எடுப்பதற்கு முன், அங்கே எந்தெந்த மொழி ஒலி இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ‘பம்பிள்பீ’யில் நாயகனே பேசாதவன் என்பதால் மொழி பொருந்தாவிட்டாலும் பாதி புரியும், அவன் வானொலியில் பாடவிடும் பாட்டு வரிகள் மட்டும் ஆங்கிலம் தெரியாதவருக்கு வீணாகும். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ பேச்சிலேயே நகரும் படம்; தமிழ் ஒலி கிடைக்காவிட்டால் பெரியவர்களை உட்கார வைப்பது கடினம்.

என் தேர்வு ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’. பழைய ரசிகர்கள் அதன் மேல் சுமத்திய குறைகளில் பெரும்பாலானவை, முன்பே எல்லாம் தெரிந்தவரின் குறைகள்; நம் கூடத்தில் உட்காரப்போகிற கூட்டத்தில் அப்படிப்பட்டவர் மாமா ஒருவர்தான், அவரும் டி-16 கேட்கும் கேள்விகளுக்கு நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார். தமிழ் ஒலி கிடைக்கவில்லை என்றாலோ, வந்திருப்பவர்களில் பாட்டியும் அத்தையும்தான் அதிகம் என்றாலோ ‘பம்பிள்பீ’க்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம், அதில் யாருக்கும் ஏமாற்றம் இருக்காது, யாருக்கும் பெரிய வியப்பும் இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: 2024ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில், ஐயகானை ஆண்டுவந்த சென்டினல் பிரைமை மெகாட்ரான் இரண்டாகக் கிழிக்கும் காட்சி வருகிறது. எந்திரம் என்பதால் ரத்தம் இல்லை என்றாலும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், கடைசி இருபது நிமிடத்துக்கு அவர்களை மாம்பழம் வெட்டும் இடத்துக்கு அழைத்துப் போய்விடலாம்.